400 சதுர அடி, 9 டன்: வாசல் கான்கிரீட்டை நாமே போட்டால் மிச்சம் எவ்வளவு?

வீட்டு வேலை முடிந்து, கையிருப்பும் கரைந்த பிறகுதான் வாசல் வேலை வருகிறது. 20 அடிக்கு 20 அடி, அதாவது 400 சதுர அடி மண் வாசல். அதில் 4 அங்குலக் கான்கிரீட் தளம். மொத்தக் காண்ட்ராக்ட் எடுப்பவர் சதுர அடிக்கு ரூ.125 கேட்டால் தொகை ரூ.50,000. மூட்டை சிமென்ட் ரூ.370க்குக் கடையில் கிடைக்கும்போது, வீட்டில் உழைக்கக்கூடிய மூன்று பேர் இருக்கும்போது, இந்தத் தொகையை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. சேமித்துச் சேமித்து வீடு கட்டியவருக்கு ரூ.10,000 பெரிய தொகை. ஆகவே இதை ரூபாய் கணக்கிலேயே பார்ப்போம்.

முதலில் விலைகள். தமிழ்நாட்டில் எம்-சாண்டும் ஜல்லியும் ஊருக்கு ஊர், குவாரித் தொலைவுக்கு ஏற்ப மாறும். இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டவை: சிமென்ட் 50 கிலோ மூட்டை ரூ.370, எம்-சாண்ட் கன அடி ரூ.65, 20 மி.மீ ஜல்லி கன அடி ரூ.50, கிராவல் கன அடி ரூ.30. நாள் கூலி கொத்தனாருக்கு ரூ.1,100, பெரியாளுக்கு ரூ.900, சித்தாளுக்கு ரூ.700. உங்கள் ஊர் விலை வேறானால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், அளவுகள் மாறாது. சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ.300 விலையுள்ள மூட்டைக்கு இதனால் குறைவது ரூ.30. 32 மூட்டைக்கு ரூ.960.

32 மூட்டை என்ற எண் எப்படி வந்தது? 400 சதுர அடியை 4 அங்குலத்தால் பெருக்கினால் 133.3 கன அடி, அதாவது 3.775 கன மீட்டர் கான்கிரீட். உலர்ந்த பொருளில் இதற்கு 1.54 மடங்கு வேண்டும்: 205.3 கன அடி. எம்20 தரத்துக்கு வழக்கமான 1 : 1½ : 3 விகிதத்தில் பிரித்தால் சிமென்ட் 30.5 மூட்டை, மணல் 56 கன அடி, ஜல்லி 112 கன அடி. 5 சதவீதம் சேதாரம் சேர்த்தால் முறையே 32 மூட்டை, 59 கன அடி, 118 கன அடி. ரூபாயில் 11,840 + 3,835 + 5,900 = 21,575. சதுர அடிக்கு ரூ.54. கேட்கும் விலை ரூ.125. இடையில் உள்ள ரூ.71 முழுவதும் மேஸ்திரியின் லாபம் என்று நினைப்பதில்தான் பலருடைய கணக்கு தவறிவிடுகிறது.

கான்கிரீட்டுக்கு அடியில் உள்ள வேலையை யாரும் விலை கேட்பதில்லை. தளம் இப்போதைய வாசல் மட்டத்திலேயே நிற்க வேண்டுமானால் 4 அங்குலக் கான்கிரீட், 4 அங்குலக் கிராவல் படுகை இரண்டுக்கும் சேர்த்து 8 அங்குலம் தோண்ட வேண்டும். அது 267 கன அடி மண். தோண்டிய மண் கால் பங்கு பொங்கி 333 கன அடி ஆகும். 1 யூனிட் (100 கன அடி) ஏற்றும் டிராக்டரில் 4 நடை. கன மீட்டருக்கு 1.7 டன் என்று வைத்தால் எடை ஏறக்குறைய 13 டன். உள்ளே வரும் கிராவல் தளர்ந்த நிலையில் 170 கன அடி, 7 டன்னுக்கு மேல். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ வீதம் 9,060 கிலோ. ஆக, 400 சதுர அடி வாசலுக்காகக் கைமாறும் மொத்த எடை சுமார் 29 டன். கான்கிரீட்டின் பங்கு அதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

தோண்டாமல் மேலேயே போட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் வாசல் 8 அங்குலம் உயரும். தெருவில் சாலை போடும்போதெல்லாம் மட்டம் ஏறிக்கொண்டிருக்க, வாசலையும் நாமே உயர்த்தினால் மழைத் தண்ணீர் நிலைப்படியைத் தொட மீதம் இருக்கும் உயரம் எவ்வளவு என்பதை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். வாட்டமும் இதே கணக்கில் சேரும். 100க்கு 1 என்ற குறைந்த அளவு வாட்டத்துக்கே 20 அடி நீளத்தில் 2.4 அங்குலம் இறக்கம் வேண்டும். 3 அங்குலம் வைப்பது பாதுகாப்பு. கயிறும் டியூப் லெவலும் இல்லாமல் கண்ணளவில் இதைப் பிடிக்க முடியாது.

இப்போது மொத்தச் செலவு. கான்கிரீட் பொருள் ரூ.21,575, கிராவல் ரூ.5,100, ஓரப் பலகை, ஆணி, பாலித்தீன் விரிப்புக்கு ரூ.2,000. பொருள் மட்டும் ரூ.28,675. தோண்ட 3 ஆள் நாள் ரூ.2,700; படுகை பரப்ப 1 ஆள் நாள் ரூ.900, அழுத்தும் இயந்திர வாடகை ரூ.1,000, மண் அகற்ற 4 நடை ரூ.2,400. கான்கிரீட் நாளில் 2 கொத்தனார், 3 பெரியாள், 3 சித்தாள் ரூ.7,000, கலவை மெஷின் டீசலுடன் ரூ.2,500. கூலியும் வாடகையும் ரூ.16,500. இரண்டும் சேர்ந்து ரூ.45,175. இதன்மேல் ஒப்பந்ததாரருக்கு 12 சதவீதம், ரூ.5,421. மொத்தம் ரூ.50,596; சதுர அடிக்கு ரூ.126.50. அவர் கேட்கும் ரூ.125 அநியாய விலை அல்ல என்பதை இந்தக் கூட்டலே சொல்கிறது.

எல்லாவற்றையும் நாமே செய்தால்? பொருள் செலவு அப்படியே நிற்கும். மண் அகற்றும் டிராக்டரும் அழுத்தும் இயந்திரமும் வேண்டும். கையால் கலந்தால் சிமென்ட்டை 10 சதவீதம் கூட்டுவது கட்டுமானத்தில் நெடுநாள் வழக்கம்: 3 மூட்டை, ரூ.1,110. கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு சட்டிகள், கரணை, மட்டப்பலகை, தேய்ப்புக் கட்டை, கையுறை, பூட்ஸ் என்று கருவிகளுக்கு ரூ.3,500. ஒப்பந்ததாரர் மீந்த மணலை அடுத்த வேலைக்கு எடுத்துப் போவார். நாம் முக்கால் யூனிட் எம்-சாண்டும் ஒன்றேகால் யூனிட் ஜல்லியும் வாங்கினால் 16 கன அடி மணலும் 7 கன அடி ஜல்லியும் மூலையில் கிடக்கும்: ரூ.1,390. மொத்தம் ரூ.38,075. மிச்சம் ரூ.12,521, 25 சதவீதம்.

25 சதவீதம் சிறிய மிச்சம் அல்ல. ஆனால் அது எத்தனை நாள் உழைப்புக்கான விலை என்று பார்க்க வேண்டும். பழகியவர்களுக்குத் தோண்டல், படுகை, கான்கிரீட் மூன்றும் 12 ஆள் நாள். பழகாதவர் கையில் தோண்டலும் படுகையும் 7 ஆள் நாள், கான்கிரீட் 12 ஆள் நாள், பொருள் பேசி வாங்கி இறக்குவதற்கு 2 நாள் என்று மிதமாக வைத்தாலும் 21 ஆள் நாள். ரூ.12,521ஐ 21ஆல் வகுத்தால் நாளுக்கு ரூ.596. சித்தாள் கூலி ரூ.700. அதைவிட ரூ.104 குறைவு.

இந்தச் சராசரிக்குள் மூன்று வெவ்வேறு எண்கள் ஒளிந்திருக்கின்றன. முடிவெடுக்க உதவுபவை அவைதான். பொருளை நாமே வாங்கி ஆளை நாள் கூலிக்கு வைத்தால் ஒப்பந்ததாரரின் ரூ.5,421 மிஞ்சும், மீதப் பொருளின் ரூ.1,390 கழித்தால் ரூ.4,031. 2 நாள் வேலை, நாளுக்கு ரூ.2,015. தோண்டலிலும் படுகையிலும் மிஞ்சும் கூலி ரூ.3,600, கருவிக்கு ரூ.1,200 போனால் ரூ.2,400. 7 ஆள் நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ரூ.343. கான்கிரீட் நாளில் மிஞ்சும் கூலியும் மெஷின் வாடகையும் ரூ.9,500, கூடுதல் சிமென்ட்டும் கருவியும் ரூ.3,410 கழித்தால் ரூ.6,090. 12 ஆள் நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ரூ.507. ஆக, அதிகம் மிஞ்சுவது மண்வெட்டி பிடிப்பதில் இல்லை; அளவு தெரிந்து பொருள் வாங்குவதில்.

அளவு தெரிந்து வாங்குவது என்றால் என்ன? மணல் வண்டி வாசலுக்கு வரும்போது மேலே குவியலாகத் தெரியும். டேப் எடுத்து உட்பெட்டியை அளக்க வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் 60 சதுர அடி. 1 யூனிட், அதாவது 100 கன அடிக்கு, மட்டம் தட்டிய பிறகு 20 அங்குல ஆழம் நிற்க வேண்டும். 18 அங்குலம்தான் இருக்கிறது என்றால் வந்தது 90 கன அடி; குறைந்தது 10 கன அடி, ரூ.650. வண்டிக்காரர் முன்னிலையில், இறக்குவதற்கு முன், இரண்டு நிமிட வேலை இது. சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். 3 மாதம் தாண்டிய சிமென்ட்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. இதையும் இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

கான்கிரீட் நாளில் சிக்கல் கூலியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சிமென்ட்டின் தொடக்க இறுகு நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தர விதி. நடைமுறையில் தண்ணீர் ஊற்றிய அரை மணி நேரத்துக்குள் கலவையைக் கொட்டி, குத்தி, மட்டம் இழுத்துவிடுவது நல்லது. ஒரு மூட்டைக் கலவை 4.37 கன அடி, சுமார் 300 கிலோ. 4 அங்குலத் தடிமனில் 13 சதுர அடிக்குத்தான் காணும். 20 கிலோ பிடிக்கும் பாண்டு சட்டியில் 15 சட்டி. 400 சதுர அடிக்கு 31 கலவை, 453 சட்டி. மெஷினில் ஒரு கலவை 5 நிமிடம். தடங்கலோடு சேர்த்து அரை நாள். கையால் ஒரு கலவைக்கு 20 நிமிடம் என்றாலே 10 மணி நேரத்துக்கு மேல். சித்திரை வெயிலில் அப்படி ஒரு நாளை யாரும் தாங்க முடியாது; கலவையும் தாங்காது.

அதற்கு ஒரு வழி, வாசலை 10 அடிக்கு 10 அடியாக 4 கட்டமாகப் பிரிப்பது. தளத்தின் வெடிப்புக் கணக்கும் அதைத்தான் கேட்கிறது: இணைப்புக் கோடுகளின் இடைவெளி தடிமனைப் போல 24 முதல் 30 மடங்குக்குள் இருக்க வேண்டும், 4 அங்குலத்துக்கு அது 8 முதல் 10 அடி. ஒரு கட்டத்துக்கு 33.3 கன அடி, 8 கலவை, 2,265 கிலோ. மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிக்கக்கூடிய அளவு. நான்கு ஞாயிறு வேண்டும். அதுவரை மிச்ச மூட்டைகளை ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கி மூடி வைக்க வேண்டும்.

தளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு குடம் தண்ணீர்தான். எம்20 கலவைக்கு 50 கிலோ சிமென்ட்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது ஐஎஸ் 456. அப்படிக் கலந்த கலவை விறைப்பாக இருக்கும், மண்வெட்டி கனக்கும். கை ஓய்ந்த நேரத்தில் பாதிக் குடம், முழுக் குடம் என்று ஊற்றத் தோன்றும். 10 லிட்டர் கூடினால் நீர்–சிமென்ட் விகிதம் 0.6லிருந்து 0.8 ஆகும், வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். மட்டம் இழுத்ததும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அது தானாக வற்றும்வரை காத்திருந்து பிறகு தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு அதன்மேல் வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்த்தால் அன்று பளபளப்பாகத் தெரியும். சில மாதங்களில் மேல்தோல் தூளாக உரியும். நல்ல கொத்தனாருக்கு நாம் கொடுக்கும் ரூ.1,100இல் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புக்குத்தான்.

ஒரு கட்டம் கெட்டால் என்ன செலவு? பொருள் நான்கில் ஒரு பங்கு, ரூ.5,394, உடைக்க ஒரு பெரியாள் ரூ.900, இடிபாடு அகற்ற ஒரு நடை ரூ.600. மொத்தம் ரூ.6,894. கான்கிரீட்டை நாமே போட்டதில் மிஞ்சியது ரூ.6,090. நான்கு கட்டத்தில் ஒன்றை உடைத்துப் போட நேர்ந்தால் மிச்சம் முழுவதும் போய், கையிலிருந்து ரூ.804 கூடுதலாகப் போகும்.

கம்பி வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 8 மி.மீ கம்பியை 1 அடி இடைவெளியில் இருபுறமும் கட்டினால் 840 அடி, 101 கிலோ, கிலோ ரூ.65 வீதம் ரூ.6,565. கம்பி வெடிப்பைத் தடுக்காது; விழுந்த வெடிப்பு விரியாமல் பிடித்து வைக்கும். கரிசல் மண் உள்ள இடத்தில் அதற்குத் தேவை உண்டு. கெட்டியான செம்மண்ணில், கார் மட்டும் நிற்கும் வாசலுக்கு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் படுகைக்கும் அழுத்தத்துக்கும் போடுவதே மேல் என்பது என் கருத்து. ரெடிமிக்ஸ் கன மீட்டர் ரூ.5,200 என்றால் 4 கன மீட்டருக்கு ரூ.20,800, பொருள் விலைக்குக் கீழேயே வருகிறது. ஆனால் முழு வண்டி 6 கன மீட்டர். குறை அளவுக்கான கட்டணமும், வண்டி தெருவுக்குள் நுழையுமா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

நாமே செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் பேவர் பிளாக். குறைந்த போக்குவரத்துக்கு 60 மி.மீ தடிமன், எம்35 தரம் என்கிறது ஐஎஸ் 15658. 3 சதவீதம் சேதாரத்துடன் 412 சதுர அடி, ரூ.42 வீதம் ரூ.17,304, அடியில் ஒன்றரை அங்குலக் கிரஷர் டஸ்ட் 50 கன அடி ரூ.2,000, ஓரக் கட்டு ரூ.3,000, பதிப்புக் கூலி சதுர அடிக்கு ரூ.16, மொத்தம் ரூ.6,400. தோண்டல், படுகை, அழுத்தம், மண் அகற்றல் அதே ரூ.12,100. மொத்தம் ரூ.40,804, சதுர அடிக்கு ரூ.102. பொருளை நாமே வாங்கிக் கூலிக்குப் போடும் கான்கிரீட்டுக்கு இது ரூ.116. பதிப்பதையும் நாமே செய்தால், ரப்பர் சுத்தியல் போன்றவற்றுக்கு ரூ.700 போக, மிச்சம் ரூ.5,700. 7 ஆள் நாளில் முடித்தால் நாளுக்கு ரூ.814. சித்தாள் கூலியைத் தாண்டும் எண் இந்தக் கணக்கில் உடல் உழைப்புக்கு இங்கேதான் முதலில் வருகிறது. அரை மணி நேரக் கெடு கிடையாது; மட்டம் தவறினால் நாலு கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம். இடுக்கில் புல் முளைக்கும், படுகை சரியில்லாத இடத்தில் கல் இறங்கும் என்பவை அதன் குறைகள்.

கான்கிரீட்தான் வேண்டும், அதுவும் நம் கையால்தான் என்றால் அளவைக் குறைப்பது வழி. காரின் சக்கரம் ஓடும் இடத்துக்கு மட்டும் 2 அடி அகலத்தில் 20 அடிக்கு இரண்டு பட்டை போட்டால் 80 சதுர அடி: 26.7 கன அடி, 7 மூட்டை, 1,812 கிலோ. பொருள் செலவு கூடுதல் சிமென்ட்டோடு ரூ.4,552. இந்தச் சிறிய வேலைக்கும் ஒரு கொத்தனார், ஒரு பெரியாள், ஒரு சித்தாள் ஒரு நாளைக்கு வந்தாக வேண்டும்: ரூ.2,700, சதுர அடிக்கு ரூ.33.75. பெரிய வாசலில் அதே கலவைக் கூலி மெஷினோடு சேர்த்தே ரூ.23.75. வேலை சிறிதாகும்போது கூலி 42 சதவீதம் கூடுகிறது. நாமே செய்வதன் மதிப்பும் அங்கேதான் உயர்கிறது. கருவிகளை இரவல் வாங்க முடிந்தால் கையில் நிற்பது ரூ.2,463, மூன்று பேர் ஒரு நாள் செய்தால் ஆளுக்கு ரூ.821.

யார் போட்டாலும் தண்ணீர் கட்டுவது வீட்டுக்காரர் வேலை. வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாளுக்குக் குறையாமல், பிபிசி போன்ற கலப்புச் சிமென்ட் என்றால் 14 நாள் வரை ஈரம் காக்க வேண்டும். பாத்தி கட்டி 1 அங்குலம் தண்ணீர் நிறுத்த 944 லிட்டர். நாளுக்கு 5 மி.மீ வற்றினால் 186 லிட்டர் நிரப்ப வேண்டும். 14 நாளில் மொத்தம் சுமார் 3,500 லிட்டர். கோடையில் குழாய்த் தண்ணீர் வராத தெருவில் இதற்கும் ஒரு விலை உண்டு.

ஆகவே என் முடிவு: 100 சதுர அடிக்குள் கான்கிரீட் என்றால் நீங்களே போடுங்கள். 400 சதுர அடி என்றால் பொருளை நீங்கள் அளந்து வாங்குங்கள், கான்கிரீட் நாளுக்கு மட்டுமாவது பழகிய ஆட்களை வையுங்கள். உடலால் உழைக்க விருப்பமும் நேரமும் இருந்தால் பேவர் பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். எதைப் போட்டாலும் மதில் ஓரம் 2 அடி மண்ணை அப்படியே விடுங்கள். 40 சதுர அடி குறைவதால் கான்கிரீட் பொருளில் மட்டும் ரூ.2,157 மிஞ்சும். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 400 சதுர அடி வாசலில் விழுவது 1,858 லிட்டர். முழுக்க மூடிய வாசலிலிருந்து அது தெருவுக்குத்தான் ஓடும். வாட்டத்தை அந்த மண் பக்கமாகக் கொடுங்கள்.